கமராவ வெட்டின பிறகுதான் சீன் தெரிஞ்சுது

குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதி முடிச்சன், 14 பக்கம். கதை பெரிசில்ல, ஒரு ஐயா நயினாதீவில இருந்து படகில வந்து குறிகட்டுவான் இறங்குதுறையில இறங்கி மகன் வருவான் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறார், அவ்வளவுதான். ஆனா நான் வரிக்கு வரி க்ளோசப், பான் (கமராவ பக்கவாட்டில திருப்புறது), டொலி (கமராவ சில்லு வண்டியில நகத்துறது) எண்டு போட்டு வைச்சிருந்தன்.

கமரா செய்யிற அண்ணை வாசிச்சிட்டு, "தம்பி, கமரா எங்க நிக்குது எண்டு வடிவா விளங்குது, ஐயா என்ன செய்யிறார் எண்டுதான் விளங்கேல்ல" எண்டார். சரியாச் சுட்டுது.

பிறகு இருந்து முழுக்கத் திருப்பி எழுதினன். "ஐயாவின்ர காலுக்கு க்ளோசப், கமரா மெல்ல முகத்துக்கு எழும்புது" எண்டு இருந்தத இப்பிடி மாத்தினன்:

செருப்பு வார் அறுந்து கம்பியால கட்டியிருக்கு.

ஐயா பஸ் வாற பக்கம் பாக்கிறார்.

ரெண்டு வரி, ரெண்டு பந்தி. வாசிக்கிற ஆளுக்குத் தன்பாட்டில ரெண்டு ஷொட் தெரியும், க்ளோசப் எண்டு சொல்லத் தேவையே இல்ல. சின்னப் பொருளை எழுதினா கண் கிட்டப் போகும், பந்தி முறிஞ்சா ஷொட் முறியும். இத ஒருத்தரும் எனக்கு முதலே சொல்லித்தரேல்ல எண்டதுதான் கவலை.

ஒரு இடத்தில மட்டும் "ஐயாவின்ர பார்வையில" எண்டு விட்டன். அவருக்குக் கண்ணில வெண்புரை, தூரத்தில வாறது மகனோ வேற ஆளோ எண்டு அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியக்கூடாது. அந்த மங்கல்தான் கதை, அதால கமராவுக்கு அங்க வேலை இருக்கு.

தமிழில வேற கரைச்சலும் இருக்கு. இங்கிலீஷ் ஸ்கிரிப்ட்ல பாத்திரம் முதல்முதல் வரேக்க பெயரைப் பெரிய எழுத்தில போடுவினம், முக்கியமான சத்தங்களையும் அப்பிடித்தான் கனபேர் போடுறவை, எங்களுக்குப் பெரிய எழுத்தே இல்லையே. நான் பெயரை முதல்தரம் மட்டும் தடிப்பாக்கினன், படகு ஹோர்ன் சத்தத்துக்குத் தனி வரி குடுத்தன். ஸ்கிரிப்டில ஒரு பக்கம் படத்தில ஒரு நிமிசம் எண்ட கணக்கும் கூரியர் எண்ட எழுத்துருவில 12 பொயின்ட் அளவுக்குத்தான், அதில தமிழே இல்ல, அதால மணிக்கூட்ட வைச்சு சத்தமா வாசிச்சுத்தான் நேரம் பாத்தன்.

சீன் தலைப்பில வெறும் "பகல்" எண்டு இருந்தத அண்ணை "பின்னேரம்" எண்டு மாத்தச் சொன்னார், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் எண்டு அவருக்கு அதில தெரியுமாம். லென்ஸ், டொலி எல்லாம் இப்ப வேற தாளில ஷொட் லிஸ்டா இருக்கு, இறங்குதுறைக்கு ரெண்டு பேரும் போய் நிண்டு பாத்துத்தான் எழுதினது. ஸ்கிரிப்ட் 9 பக்கமாச்சு.