73,000 ரூபாய்க்கு அப்பீல் இல்லை

தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்றே வக்கீலிடம் கேட்டேன். "அப்பீல் எப்போ போடலாம் சார்?" பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "போட முடியாதும்மா" என்றார்.

2022 டிசம்பரில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது, பெரம்பூரில் எங்கள் வீட்டு காம்பவுண்ட் சுவரை இடித்துவிட்டது. சுவரும் கேட்டும் சாய்ந்தன. மறுநாள் சம்ப் மூடியைத் திறந்தால் பாதித் தண்ணீர் இல்லை, உள்ளே நீளமாக விரிசல். அப்பா கட்டிய சம்ப் அது. 2019 கோடையில் ஊரே குடத்தோடு நின்றபோது எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

வண்டி மோதிச் சொத்து சேதமானாலும் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் மனு போடலாம். சென்னையில் அந்த வழக்குகளைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது. ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், போட்டோம். சுவர், கேட்டுக்கு 62,000, சம்ப்புக்கு 73,000 கேட்டோம். முதலாவது முழுசாகக் கிடைத்தது. சம்ப்புக்கு ஒன்றுமில்லை. விரிசல் லாரி மோதியதால்தான் வந்தது என்று நிரூபிக்கவில்லையாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 173வது பிரிவுப்படி 90 நாளைக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அப்பீலில் தகராறில் இருக்கும் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கதவு கிடையாது. முன்பு இந்த வரம்பு 10,000 ரூபாய். 2019 திருத்தம் உயர்த்தியது, 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நாங்கள் கேட்டது 1,35,000 என்பது கணக்கில் வராது. கிடைக்காத 73,000தான் கணக்கு.

அதே பிரிவு லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் தடுக்கிறது, 62,000ஐ எதிர்த்து அவர்களும் போக முடியாது என்று வக்கீல் ஆறுதல் சொன்னார். சரிதான். ஆனால் பழைய வரம்பு இருந்திருந்தால் சம்ப்புக்காக இன்னொரு நீதிபதி முன்னால் நின்றிருப்பேன். ஒரு சாதாரண வீட்டுக்கு 73,000 சின்னத் தொகை இல்லை. கீழ் நீதிமன்றங்களை உயர் நீதிமன்றம் மேற்பார்வையிடும் அரசியல் சாசனத்தின் 227வது பிரிவில் மனு போடலாமே என்றேன். அதில் சாட்சியத்தைப் புதிதாக எடைபோட மாட்டார்கள், செலவும் அந்தத் தொகையை மிஞ்சிவிடும் என்றார்.

என்னை உறுத்துவது வேறு. மேஸ்திரியின் எஸ்டிமேட்டை மட்டும் தாக்கல் செய்தோம், அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. ஒரு நாள் கூலி போகுமே என்று நான்தான் கூப்பிடவில்லை. விரிசல் சுவர் விழுந்த பக்கத்திலிருந்து தொடங்கியதை உள்ளே இறங்கிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். போன வாரம் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே அக்கா" என்றார்.