பதவியை விட்டு இறங்கினால் 50 லட்சம் டாலர்

இப்படி ஒரு பரிசு நிஜமாகவே இருக்கிறது. சூடானில் பிறந்து, ஆப்பிரிக்காவில் செல்போன் கம்பெனி நடத்திக் கோடீஸ்வரரான மோ இப்ராகிம் 2006இல் தொடங்கியது. தேர்தலில் ஜெயித்து வந்த ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர், நன்றாக ஆண்டு, சட்டம் சொன்ன காலத்தோடு இறங்கிவிட வேண்டும். 50 லட்சம் டாலரைப் பத்து வருடத்தில் பிரித்துத் தருவார்கள். அப்புறம் ஆயுள் முழுக்க வருடத்துக்கு 2 லட்சம். நோபலைவிடப் பெரிய தொகை!

முதலில் வாங்கியவர் மொசாம்பிக்கின் ஜோவாகிம் சிசானோ. உள்நாட்டுப் போரை முடித்தவர். இன்னொரு முறை நிற்கச் சட்டத்தில் இடம் இருந்தும் நிற்கவில்லை. 2007 அக்டோபர் 22 அன்று ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் இவர் பெயரை அறிவித்தார். அன்றைக்கு சிசானோவுக்கு 68வது பிறந்தநாள். அப்போது அவர் ஐ.நா. தூதராக வடக்கு உகாண்டா சமாதானத்துக்காக அலைந்துகொண்டிருந்தார்.

எனக்கு இந்தப் பரிசில் பிடித்ததே, கொடுக்காமல் விட்ட வருடங்கள்தான். 2009, 2010, 2012, 2013... "தகுதியான ஆள் இல்லை" என்று கையை விரித்துவிட்டார்கள். இத்தனைக்கும் பணம் ரெடி. 2007 முதல் 2020 வரை, மண்டேலாவுக்குத் தந்த கௌரவப் பரிசு போக, ஆறே பேர்.

'பணக்காரத் தலைவருக்கு இன்னும் பணமா?' என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பதவியை ஒழுங்காகக் கைமாற்றுவது அங்கே அவ்வளவு லேசில்லை. 2020க்கான பரிசு வாங்கிய நைஜர் நாட்டின் மஹமது இசுஃபு, 2021இல் தேர்தலில் ஜெயித்த பாஸூமிடம் ஒழுங்காகப் பதவியைக் கொடுத்தார். 2023 ஜூலையில் பாஸூமை அவருடைய சொந்தப் பாதுகாப்புப் படையே பிடித்து அடைத்துவிட்டது.