சொட்டுச் சொட்டாக அணைந்த நீலம்

இன்று மதியம் ஆய்வகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு, 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கை மட்டும் போட்டேன்.

குப்பியில் இருந்த வெளிர்மஞ்சள் தண்ணீர் சட்டென்று நீலமாக ஒளிர்ந்தது.

சிட்ரிக் அமிலமும் எத்திலீன்டையமினும் 200 டிகிரியில் 5 மணி நேரம் வெந்து கிடைத்தது. எலுமிச்சையைப் புளிக்க வைக்கும் அதே அமிலம், 10 நானோமீட்டரைவிடச் சிறிய, ஒளிரும் கார்பன் துகள்களாக, அதாவது கரிப்புள்ளிகளாகிவிட்டது! எத்திலீன்டையமினிலிருந்து உள்ளே கலந்த நைட்ரஜன்தான் அதை இவ்வளவு பிரகாசமாக்குகிறது.

அப்புறம் ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

ஒவ்வொரு சொட்டுக்கும் நீலம் மங்கியது.

இன்னொரு சொட்டு. இன்னும் மங்கல்.

கடைசியில் குப்பி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

புள்ளிகளின் மேற்பரப்பு இரும்பு அயனியைப் பிடித்துக்கொள்கிறது, ஒளி அடங்குகிறது. எவ்வளவு மங்குகிறது என்று அளந்தால், தண்ணீரில் எவ்வளவு இரும்பு என்று சொல்லிவிடலாம்.

2004-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், கார்பன் நானோகுழாய்கள் என்னும் மிக நுண்ணிய கார்பன் குழாய்களைச் சுத்தம் செய்தபோது பிரிந்து வந்த கழிவில்தான் இந்த ஒளியை முதலில் பார்த்தார்கள். வேண்டாதது என்று அவர்கள் கொட்டியிருந்தால்?

இன்று உயிருள்ள செல்லுக்குள் இதை அனுப்பிப் படம் எடுக்கிறார்கள். காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த குவாண்டம் புள்ளிகளும் இப்படி ஒளிரும் நுண்துகள்கள்தான்; ஆனால் அவற்றின் நச்சுப் பயம் இதில் குறைவு.

குப்பியைக் கழுவ மனம் வரவில்லை. மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.