ஒரே வரிசையில் வாத்தியாரும் நானும்

அமெரிக்காவில் நான் படித்த பல்கலைக்கழகத்தில், மியூசிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாகப் பயிற்சி அறைகள் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் எல்லாம் காலியாகிவிடும். நான் படிக்கப் போனது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அபார்ட்மென்டில் மிருதங்கம் வாசித்தால் கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு என்பதால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பனியில் நடந்து அங்கேதான் போவேன். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று தோலை வறட்டிவிடும். வலது பக்கமான வலந்தலையில் சுருதி ஏறிக்கொண்டே போகும், இடது பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவை பத்தே நிமிடத்தில் காய்ந்து உதிரும். மறுபடி தண்ணீர் தெளித்துப் பிசைந்து ஒட்ட வேண்டும்.

அப்படி ஒருநாள் ரவையைப் பிசைந்துகொண்டிருந்தபோது டிராம்போன் படிக்கும் ஒரு பையன் கதவைத் தட்டினான். அது என்ன மாவு என்று கேட்டான். இடது தோலில் ஒட்டினால் கும்கி என்ற கனத்த ஒலி எப்படி இறங்குகிறது என்று வாசித்துக் காட்டினேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கிளம்பும்போது, "வியாழக்கிழமை எங்கள் சங்கத்தின் அறிமுகக் கூட்டத்துக்கு வா" என்றான்.

அந்தச் சங்கம் ஃபை மியூ ஆல்ஃபா சின்ஃபோனியா. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துப் பெயரோடு இருக்கும் ஃப்ரெட்டர்னிட்டிகளில், அதாவது மாணவர் சகோதரத்துவச் சங்கங்களில், இது இசைக்கானது, ஆண்களுக்கு மட்டும். 1903இல் ஆன் ஆர்பரில் பெண்கள் தொடங்கிய சிக்மா ஆல்ஃபா அயோட்டாவும், அதே ஆண்டு சின்சினாட்டியில் தொடங்கிய மியூ ஃபை எப்சிலானும் இதே மாதிரியானவை. பின்னது 1977இலிருந்து ஆண்களையும் சேர்த்துக்கொள்கிறது. இசையை மேஜராக எடுத்துப் படிக்காதவர்களும் சின்ஃபோனியாவில் சேரலாம் என்று அந்தக் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன். இசையின் மேல் உண்மையான பற்று வேண்டும், அதற்காக உழைக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னதும் அம்மா பதறிவிட்டாள். "அதென்னடா சங்கம்? ராகிங் கீகிங் பண்ணுவாங்களா?" அம்மா பயந்ததில் தப்பே இல்லை. ஃப்ரெட்டர்னிட்டி சடங்குகளில் மாணவர்கள் உயிரையே விட்ட செய்திகள் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டிலும் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்த பின்னணி அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. நேர்முகத்தில் முதல் கேள்வியாக இதையே கேட்டேன். அவமானப்படுத்துவது, தூங்கவிடாமல் வைப்பது, குடிக்கச் சொல்வது எதற்கும் அனுமதி இல்லை என்றார்கள். கடைசிவரை அப்படியே நடந்துகொண்டார்கள். இந்த மாதிரி சங்கத்தில் சேர நினைப்பவர்கள் முதல் நாளே இதை நேருக்கு நேர் கேட்டுவிடுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேர்முகம், வாக்கெடுப்பு முடிந்து புதியவர்கள் ஏழு பேர் தேறினோம். அப்புறம் சில வாரங்கள் பயிற்சிக் காலம். சங்கத்தின் வரலாறு, நோக்கம், பாடல்கள் எல்லாம் கற்க வேண்டும், ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

வரலாறு எனக்குப் பிடித்துப்போனது. பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆஸியன் எவரெட் மில்ஸ். மாணவர்களை அழைத்துக்கொண்டு மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளுக்குப் பாடவைப்பார். 1898 அக்டோபர் 6ஆம் தேதி இந்தச் சங்கத்தைத் தொடங்கியதும் அவர்தான். சின்ஃபோனியா என்ற பெயரைச் சொன்னவர் அப்போது கன்சர்வேட்டரியின் இயக்குநராக இருந்த இசையமைப்பாளர் ஜார்ஜ் சாட்விக். மருத்துவமனைகளில் பாடும் வழக்கம் மில்ஸ் பெயரிலேயே இன்னும் தொடர்கிறது. சங்கத்தைத் தொடங்கிவைத்தவர் மேடைப் புகழ் பெற்ற வித்வான் அல்ல, ஃபீஸ் வாங்கும் மேஜையில் இருந்தவர் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பாட்டுதான் கஷ்டம். எல்லாம் நான்கு குரல் ஹார்மனி, ஒரே நேரத்தில் ஒவ்வொரு குரலும் வேறு வேறு ஸ்வரம் பாடும். என்னை எல்லாவற்றிலும் தாழ்ந்த குரலான பாஸ் வரிசையில் நிறுத்தினார்கள். நமக்கு ஆதார ஸ்வரமான ஸட்ஜம் அசையாது. தம்புராவைப் போட்டுவிட்டால் கச்சேரி முடியும்வரை அதுதான் நாம் நிற்கிற தரை. இங்கே நான் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மற்ற மூன்று குரலும் நகர்ந்ததும் அதே ஸ்வரம் வேறு ஆளாகிவிடும். பக்கத்தில் மேல் குரல் பாடும் டெனர் என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவான். இரண்டு வாரம் திணறினேன். கடைசியில் ஸரிகம எழுதிப் பார்ப்பதை விட்டுவிட்டு, மற்ற குரல்களைக் கேட்டுக்கொண்டே பாடப் பழகியபோது ஒருநாள் பிடிபட்டது. நால்வர் குரலும் சரியாகப் பொருந்தும்போது மார்புக்கூட்டில் ஓர் அதிர்வு வரும். அதற்கு முன் அப்படி ஒன்றை நான் அனுபவித்ததே இல்லை.

அந்தப் பயிற்சி வகுப்புக்கு எட்டாவதாக ஒருவர் வந்தார். எழுபத்தெட்டு வயது.

விவசாயிகள் ஊர் ஒன்றில் நாற்பது ஆண்டுக்கு மேல் உயர்நிலைப்பள்ளி பேண்ட் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கிளையில் மூன்று பேர் அவருடைய மாணவர்கள். டியூபா வாசிக்கும் ஒருவன் சொன்னான்: "எங்க வீட்ல வாத்தியம் வாடகைக்கு எடுக்கக்கூட வசதி இல்லை. ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல கிடந்த பழைய டியூபாவை சார் ஒரு கோடை லீவு முழுக்க உட்கார்ந்து சரிபண்ணி என் கையில கொடுத்தார்." அவரை கௌரவ உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தவனும் அவன்தான். மார்ச் இசையின் அரசர் என்று பெயரெடுத்த ஜான் ஃபிலிப் சூசாவும் இந்தச் சங்கத்தின் கௌரவ உறுப்பினர்களில் ஒருவர். அதே வரிசையில் ஒரு கிராமத்துப் பள்ளி வாத்தியார்.

விழா எடுக்கப்போகிறார்கள், மேடை போட்டு நாற்காலியில் உட்காரவைப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த மரியாதை அது. மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டத்தை ஜனவரி 1ஆம் தேதி சதஸ் என்ற பட்டமளிப்பு விழாவில் வழங்கும். பெரிய அமைப்பு மேலிருந்து கொடுக்கும், வித்வான் வாங்கிக்கொள்வார். என் மிருதங்க வாத்தியாருக்குப் பட்டம் எதுவும் கிடைத்ததில்லை. அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் நாங்கள் பொன்னாடை போர்த்தினோம். அவர் மேலே உட்கார்ந்திருந்தார், நாங்கள் கீழே நின்றோம். அதில் குறை ஒன்றும் இல்லை, வாத்தியாரை அப்படித்தான் பார்க்கத் தோன்றும்.

இங்கே கௌரவ உறுப்பினரும் எங்களைப் போலவே சடங்கைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. பயிற்சியை நடத்திய மாணவனிடம் தனியாகப் போய், "இந்த வயசுல அவரை ஏன் நிற்கவைக்கணும்? ஒரு பட்டயம் கொடுத்து அனுப்பலாமே?" என்றேன். "பட்டயம் கொடுத்தா அவர் விருந்தாளி ஆயிடுவார். நாங்க அவரை எங்கள்ல ஒருத்தரா கேட்கிறோம்" என்றான். அவனுக்கு இருபத்தோரு வயதுதான் இருக்கும்.

ஒருநாள் வாத்தியார் வீட்டுக்குப் போனபோது அவரிடமும் கேட்டேன். கோட்டுப் பையிலிருந்து, டியூபா மாதிரி வாத்தியங்களின் வால்வுக்குப் போடும் எண்ணெய் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓய்வு பெற்று பல வருடம் ஆகியும் அது பையிலேயே இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் தன்னையும் இந்தச் சங்கத்துக்கு அழைத்தார்கள் என்றார். கூட்டம் சாயங்காலங்களில், அவருக்குச் சாயங்காலம் பால் பண்ணையில் வேலை. அதை விட்டால் படிப்பு நின்றுவிடும். "அப்போ சேர முடியலை. இப்போ குறுக்கு வழியில சேர எனக்கு இஷ்டமில்லை" என்றார். வகுப்புக்கு வரும்படி அவரை யாரும் வற்புறுத்தவில்லை, அவராகவே வந்தார். பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு எங்களோடு மனப்பாடம் செய்தார். நான் பாஸில் தடுமாறும்போதெல்லாம் காதருகே மெல்லப் பாடி என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்தான்.

சடங்கில் என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். கறுப்பு கோட்டு, டை போட்டு எட்டு பேரும் வரிசையில் நின்றோம், அவர் எனக்கு முன்னால். நெடுநேரம் நின்றதில் அவருடைய முழங்கால் நடுங்கியது. கையைப் பின்னால் நீட்டி என் முன்கையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி வேண்டுமா என்று கேட்டார்கள். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். முடிந்ததும் எல்லோர் கோட்டிலும் ஒரே மாதிரி பின் குத்தினார்கள். அந்த டியூபாக்காரன் அவரை முதல்முறையாக "பிரதர்" என்று கூப்பிட்டான். அவர் கண் கலங்கினார், அவனுக்கும்தான். என் வாயில் கடைசிவரை "சார்" மட்டுமே வந்தது. அவர் அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து, முதியோர் இல்லம் ஒன்றில் பாடப் போனோம். சார் தன் கிளாரினெட்டைக் கொண்டுவந்திருந்தார். நான்கு அடிகளில் ஓடும் ஒரு பழைய நாட்டுப்புற மெட்டு அவருக்குத் தெரியும். ஆதி தாளத்தில் அதற்குச் சேர்ந்து வாசிக்கிறேன் என்றேன். அவர் கிளாரினெட்டின் சுருதிக்கு இறக்க, வலந்தலை விளிம்பைக் கீழிருந்து மெல்லத் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அங்கேயும் ஹீட்டர் காற்று ரவையை உலர்த்திவிட்டது.

"கொடு, அதை நான் பார்த்துக்கறேன்" என்று டப்பாவை வாங்கினார். தண்ணீர் தெளித்து, வால்வு எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் பிசைய ஆரம்பித்தார். "எவ்வளவு தண்ணி?" என்று கேட்டார். கையில் ஒட்டாத பதம் வந்ததும் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன்.