ஸ்டிக் ட்ரிஃப்ட்: கன்ட்ரோலரைத் திறக்கும் முன் எண்களைப் பாருங்கள்

கை ஸ்டிக்கில் இல்லை, ஆனாலும் கேமரா மெல்ல இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போகிறது. இதைத்தான் ஸ்டிக் ட்ரிஃப்ட் என்கிறார்கள். இது தொடங்கியதுமே பலர் புது கன்ட்ரோலர் வாங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர், உரசல் இல்லாமல் காந்தத்தால் வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கிறார்கள். இரண்டுமே அவசரம். ட்ரிஃப்டுக்குப் பல காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. உங்களுக்கு வந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ள முதலில் ஒரு பிரவுசர் போதும்.

டூயல்சென்ஸ் (பிளேஸ்டேஷன் 5), எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர்களில் ஏறத்தாழ ஒரே அமைப்புள்ள ஸ்டிக் மாட்யூல்தான் இருக்கிறது. அதன் இரண்டு பக்கங்களில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள்: ஒன்று இட-வல அசைவுக்கு, மற்றது மேல்-கீழ் அசைவுக்கு. ஒவ்வொன்றின் உள்ளேயும் வளைவான ஒரு கார்பன் தடம், அதன்மேல் உரசியபடி நகரும் ஒரு சின்ன உலோக நாக்கு. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து வோல்டேஜ் மாறும், அதைத்தான் கன்ட்ரோலர் படிக்கிறது. உரசல் இருக்கும்வரை தேய்மானமும் இருக்கும்.

யூஎஸ்பி கேபிளில் கன்ட்ரோலரைக் கணினியோடு இணைத்து, கேம்பேட் டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறந்து, ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். அழுத்தினால்தான் பிரவுசருக்குக் கன்ட்ரோலர் தெரியும். அச்சு 0, 1 இடது ஸ்டிக். 2, 3 வலது. மதிப்புகள் -1 முதல் +1 வரை ஓடும். இப்போது ஸ்டிக்கை முழுக்க இடப்பக்கம் தள்ளி, மெதுவாக விட்டு, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலம், மேல், கீழ் என மற்ற மூன்று பக்கமும் அப்படியே. நின்ற இடம் 0.05-க்குள் இருந்தால் கவலை வேண்டாம், புது கன்ட்ரோலரிலும் அந்த அளவு சகஜம்.

இடமிருந்து விட்டால் -0.09, வலமிருந்து விட்டால் +0.08 என்று வந்த திசையிலேயே தங்கிவிடுகிறதா? ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது அடியில் அழுக்கு சேர்ந்து ஸ்டிக் நடுவுக்குத் திரும்ப முடியாமல் திணறுகிறது. எந்தத் திசையிலிருந்து விட்டாலும் அதே 0.14-இல் ஆடாமல் நிற்கிறதா? பெரும்பாலும் மையம் விலகியதுதான், காலிப்ரேஷன் போதும், அதாவது நடு எது என்று கன்ட்ரோலருக்கு மறுபடி பதியவைப்பது. கை வைக்காமலே எண் துள்ளுகிறது, அல்லது ஸ்டிக்கை மெல்ல நகர்த்தும்போது 0.30-இலிருந்து சட்டென்று 0.55-க்குத் தாவித் திரும்புகிறது என்றால் கார்பன் தடத்தில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது.

ஒரே கன்ட்ரோலர் ஒரு கேமில் ஒழுங்காக இருந்து இன்னொன்றில் ட்ரிஃப்ட் ஆவதற்குக் காரணம் டெட்ஸோன், அதாவது நடுவைச் சுற்றி கேம் கண்டுகொள்ளாமல் விடும் அசைவின் அளவு. விண்டோஸ் கேம்கள் கன்ட்ரோலரைப் படிக்க உதவும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்இன்புட், இடது ஸ்டிக்குக்குப் பரிந்துரைக்கும் டெட்ஸோன் முழு வீச்சான 32767-க்கு 7849, அதாவது கிட்டத்தட்ட 24 சதவீதம். வலதுக்கு 8689. அதை அப்படியே பின்பற்றும் கேமில் 0.14 விலகல் கண்ணில் படவே படாது. டெட்ஸோனை 5 சதவீதத்துக்குக் குறைத்து வைத்திருக்கும் ஷூட்டரில் உடனே தெரிந்துவிடும். கேம் செட்டிங்ஸில், டெஸ்டர் காட்டிய விலகலைவிட 0.02 அல்லது 0.03 மட்டும் கூடுதலாக டெட்ஸோன் வையுங்கள். அதற்கு மேல் போனால் குறிபார்க்கும்போது சின்ன அசைவுகள் செத்துப்போகும்.

காலிப்ரேஷன் ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸிலேயே, கன்ட்ரோலர்கள் பகுதியில் இருக்கிறது. டூயல்சென்ஸுக்குக் கன்சோலில் அந்த வசதி இல்லை. குரோம் வகை பிரவுசரில் வெப்ஹெச்ஐடி (இணையப் பக்கம் கன்ட்ரோலரோடு நேரடியாகப் பேசும் வசதி) வழியாக வேலை செய்யும் காலிப்ரேஷன் கருவிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். முதலில் தற்காலிகமாகச் செய்து பார்த்து, திருப்தியானால் மட்டும் நிரந்தரமாகச் சேமியுங்கள். மையம், முழு வீச்சு இரண்டையும் செய்ய வேண்டும். மையத்தோடு நிறுத்தினால் ஒரு பக்கம் 1-ஐத் தொடாமல் 0.93-இல் நின்றுவிட வாய்ப்புண்டு.

சுத்தம் செய்வதற்கு 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால். கன்ட்ரோலரை அணைத்து, ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து, இடுக்கில் இரண்டு சொட்டு விட்டு, நன்றாகச் சுழற்றி, அரை மணி நேரம் காயவிடுங்கள். ஆனால் வெளியிலிருந்து விடும் ஆல்கஹால் பக்கவாட்டில் இருக்கும் தடம்வரை போவது அரிது. இரண்டு நாள் சரியாக இருந்து மறுபடி துள்ளினால், உள்ளே இருப்பது வெளித்தூசி அல்ல, தடமே தேய்ந்து உதிர்த்த கார்பன் பொடி. மசகு எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம். அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் அடுத்த தூசி வந்து ஒட்டிக்கொள்ளும்.

தடம் தேய்ந்துவிட்டால் மாட்யூலை மாற்றுவதுதான் வழி. கன்ட்ரோலர் வாரன்டியில் இருந்தால் திறக்காதீர்கள். திறக்க, எக்ஸ்பாக்ஸுக்கு டி8 செக்யூரிட்டி டார்க்ஸ் பிட் வேண்டும். ஒரு ஸ்க்ரூ பேட்டரி அறையில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். டூயல்சென்ஸுக்குச் சின்ன பிலிப்ஸ் போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது.

மாட்யூல் ஒன்றுக்கு 14 சால்டர் புள்ளிகள்: பொட்டென்ஷியோமீட்டர் இரண்டுக்கும் மும்மூன்று, அழுத்தும் பட்டனுக்கு நான்கு, சட்டத்தின் கால்கள் நான்கு. கெடுவது பெரும்பாலும் சட்டத்தின் கால்களில்தான். அவை போர்டின் கிரவுண்டு தளம் என்ற அகலமான செப்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். உருகவில்லையே என்று மாட்யூலைப் பிடித்து இழுத்தால் செப்புத் திட்டு பெயர்ந்து வரும், அதோடு போர்டு போச்சு. முதல்முறை செய்பவர்களுக்கு நல்ல வழி, பழைய மாட்யூலைக் காப்பாற்ற நினைக்காததுதான். கட்டரால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, மிஞ்சும் கால்களை ஒவ்வொன்றாக உருக்கி எடுங்கள். சால்டர் நன்றாக உருகி ஓட உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாக வையுங்கள். ஈயமற்ற சால்டர் உருக சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலவையை அதோடு கலந்துவிட்டால் வேலை பாதியாகும். புது மாட்யூல் வைக்கும் முன் அந்தக் கலவையை விக் (சால்டரை உறிஞ்சும் செப்புப் பின்னல்) கொண்டு முழுக்க உறிஞ்சிவிடுங்கள், இல்லையென்றால் புதிய இணைப்பு நொறுங்கக்கூடியதாக இருக்கும்.

மாற்றுவதென்று முடிவாகிவிட்டால் ஹால் எஃபெக்ட் அல்லது டிஎம்ஆர் மாட்யூல் வாங்குவதே நல்லது. இரண்டிலும் காந்தம் நகர்கிறது, சென்சார் தொடாமலே படிக்கிறது. டிஎம்ஆருக்கு மின்சாரம் குறைவாகவே ஆகும். இது புதுமையும் அல்ல, 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்டின் ஸ்டிக்கே ஹால் எஃபெக்ட்தான். ஆனால் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக்கும் இவற்றிலும் இருக்கின்றன. 1996-இல் வந்த நின்டெண்டோ 64 ஸ்டிக்கில் ஒளியால் படிக்கும் சக்கரங்கள் இருந்தன, கார்பன் தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தும் அடிக்கிண்ணம் தேய்ந்து ஸ்டிக் தொளதொளத்துப் போனது. மேலே சொன்ன முதல் வகை, அதாவது ஸ்பிரிங் கோளாறு, எந்தச் சென்சாரிலும் வரும். பலமான காந்தம் உள்ள போன் மவுன்ட்டை ஸ்டிக் பக்கத்தில் மாட்டினாலும் எண்கள் நகரலாம்.

ஸ்விட்சின் பக்கங்களில் மாட்டும் முதல் தலைமுறை ஜாய்-கானுக்கு இந்தச் சால்டர் பாடு எதுவும் இல்லை. ஒய் வடிவ ட்ரை-விங் பிட்டும், உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்களுக்குச் சின்ன பிலிப்ஸும், பொறுமையும் இருந்தால் போதும், ஸ்டிக் ரிப்பன் கேபிளோடு தனியாக வந்துவிடும். ரிப்பனை இழுக்கும் முன் கனெக்டரின் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கிவிடுங்கள். தாழ்ப்பாள் உடைந்தால் ஸ்டிக்கைவிடப் பெரிய செலவு.

எந்தக் கன்ட்ரோலரானாலும் மூடியை மாட்டும் முன் பேட்டரியை இணைத்து, டெஸ்டரில் நான்கு திசை, முழு வட்டம், ஸ்டிக் அழுத்தும் பட்டன் மூன்றையும் பாருங்கள். ஓர் அச்சு எப்போதும் 1 அல்லது -1-இல் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்து மூன்று கால்களில் ஒன்று சரியாகப் பற்றவில்லை. காலிப்ரேஷனைத் தொடாமல் முதலில் அதற்கு மறுபடி சால்டர் வையுங்கள்.