கருவிழிச் சிகிச்சைக்குப் பிறகு காதால் படித்த மாதங்கள்

கெரட்டோகோனஸ் என்கிற கருவிழி நோய் என்று சொல்லி, அதை மேலும் வளராமல் நிறுத்தும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை செய்ய ஆஸ்பத்திரியில் நாளும் கொடுத்துவிட்டார்கள். அதே நேரத்தில் எஸ்.டி.பி.எம். என்கிற மலேசிய ஆறாம் படிவத் தேர்வுக்கான பாடங்கள் தலைக்கு மேல் கிடக்கின்றன. இப்படி ஒரு நிலையில் இருக்கும் மாணவருக்கும் அவர் வீட்டாருக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கிறேன். வலது கண்ணுக்குச் சிகிச்சை முடிந்து தேறி வருகிறேன். இடது கண்ணை இன்னும் கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழிப் படலம் சாதாரணமாக 540 மைக்ரான் அளவு தடிமன் கொண்டது. அதாவது அரை மில்லிமீட்டரை விடச் சற்றே அதிகம். கெரட்டோகோனஸில் இது மெலிந்து, கூம்பு போல முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்குகிறது. எனக்கு நாலாம் படிவத்திலிருந்தே கண்ணாடியின் பவர் மாறிக்கொண்டே இருந்தது. கடையில் ஒவ்வொரு முறையும் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தார்களே தவிர, ஏன் இப்படி மாறுகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி வால் வால் ஆக வெளிச்சம் தெரியும். வெண்பலகையில் ஓர் எழுத்துக்குக் கீழே அதன் நிழல் இன்னொன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அலர்ஜி உண்டு. கண் அரிக்கும், கசக்குவேன். இந்தக் கசக்கலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை ஈப்போவில் கண் நிபுணர் சொல்லித்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

கிராஸ் லிங்கிங் பார்வையைத் திருப்பிக் கொடுக்கும் சிகிச்சை இல்லை. கருவிழி மேலும் வளையாமல் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. அம்மாவுக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டமாக இருந்தது. "அப்ப எதுக்குமா இவ்வளவு வலி?" என்று கேட்டார். நிறுத்தாவிட்டால் கடைசியில் கருவிழி மாற்று அறுவை வரை போகலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இன்னொரு காரணமும் இருந்தது. வழக்கமான முறையில் மேல்தோலை எடுத்த பிறகு குறைந்தது 400 மைக்ரான் தடிமனாவது இருக்க வேண்டும். எனக்கு அது இருந்தது. எஸ்.டி.பி.எம். முடியட்டும் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் மெலிந்து போகலாம். அதனால்தான் படிப்பின் நடுவிலேயே செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

சிகிச்சை நாளைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமை மூடாதபடி ஒரு சின்னக் கம்பியை மாட்டினார்கள். கருவிழியின் மேல்தோலை மட்டும் வழித்து எடுத்தார்கள். வலிக்கவில்லை. பிறகு ரைபோஃப்ளேவின் என்கிற மஞ்சள் நிறச் சொட்டு. அது வைட்டமின் பி2. அது ஊறியதும் புற ஊதா ஒளியைக் கண்மேல் காட்டுகிறார்கள். மருந்தும் ஒளியும் சேர்ந்து கருவிழியின் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் உருவான முறை இது. நோயாளிகளுக்குச் செய்து பார்த்த முதல் முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. அந்தப் பழைய முறையில் ஒளி மட்டுமே 30 நிமிடம். எனக்குச் செய்தது வேகமான முறை, 10 நிமிடம்தான். கடைசியில் கட்டுப்போட்ட மாதிரி ஒரு மெல்லிய காண்டாக்ட் லென்ஸ் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மருந்தின் மரப்பு தெளிந்தது. அன்று இரவும் மறுநாளும்தான் மிக மோசம். கண்ணுக்குள் ஒரு பிடி மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. செய்யாத கண்ணைத் திறந்தாலும் செய்த கண்ணும் கூடவே அசையும், நீர் கொட்டும். ஜன்னலில் அம்மா கறுப்புத் துணி கட்டினார். வலி மாத்திரையை வலி ஏறும் வரை காத்திருக்காமல் நேரத்துக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். அது உண்மையிலேயே உதவியது. பதப்படுத்தும் மருந்து சேர்க்காத செயற்கைக் கண்ணீரை ஐஸ்பெட்டியின் கதவில் வைத்துக் குளிரக் குளிர விட்டுக்கொண்டது இன்னும் நன்றாக இருந்தது. அந்த மரத்துப்போகும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கொடுத்தால் என்ன என்று அப்பா கேட்டார். அதை அடிக்கடி விட்டால் மேல்தோல் வளர்வது தடைபடும், அதனால் கொடுக்க மாட்டார்கள். மூன்றாம் நாளுக்குள் வலி பாதிக்கும் கீழே இறங்கியது. மேல்தோல் மூட பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். மூடியதைப் பார்த்த பிறகுதான் லென்ஸை எடுப்பார்கள்.

அந்த நாட்களில்தான் பாட்டி நந்தியாவட்டைப் பூவோடு வந்தார். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் கண்வலி என்றால் அதைத்தான் கண்ணில் வைப்பார்களாம். அவர் அன்பாகத்தான் கொண்டு வந்தார். ஆனால் மேல்தோல் இல்லாத கருவிழி திறந்த புண். அதில் பூவோ பன்னீரோ தாய்ப்பாலோ எது பட்டாலும் கிருமி உள்ளே போய்விடும், பார்வையே கெட்டுவிடலாம். "பாட்டி, இது கண்வலி இல்ல, புண்ணு. ஆறின பிறகு பாத்துக்கலாம்" என்று அப்பா சொன்னார். பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை, பூவைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டார். உங்கள் வீட்டிலும் இது கட்டாயம் நடக்கும். முன்கூட்டியே பெரியவர்களிடம் பேசி வைத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பதால், அம்மா என்னை நாற்காலியில் சாய வைத்து, தலையைப் பின்னுக்குத் தள்ளி முடி அலசி விட்டார்.

சரி, படிப்புக்கு வருகிறேன். ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆறுவது மேல்தோல் மட்டும்தான். பார்வை முதல் ஒன்றிரண்டு மாதம் முன்பிருந்ததை விடவும் மங்கலாக இருக்கலாம். கருவிழியில் லேசான மூட்டம் படியும், அது மெல்ல மெல்லத்தான் விலகும். இதை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்தில் புத்தகத்தைத் திறந்து எழுத்து தெரியாதபோது, சிகிச்சை தோற்றுவிட்டதோ என்று இரவெல்லாம் அழுதேன். அதனால் டாக்டரிடம் இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள்: புண் எப்போது ஆறும்? நான் எப்போது படிக்க முடியும்? இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. படிப்பைத் திட்டமிட வேண்டியது இரண்டாவது பதிலை வைத்துத்தான்.

கண்ணால் படிக்க முடியாத காலத்துக்குக் காது இருக்கிறது. இதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம், அதற்குக் கண்ணைத் திறக்கக்கூட வேண்டாம். கைப்பேசியில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி தமிழுக்கும் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் இருக்கிறது. மலாய்ப் பாடக்குறிப்புகளை அது நன்றாகவே வாசித்தது. தமிழ் இலக்கியப் பாடத்தைத்தான் உயிரில்லாமல் வாசித்தது. செய்யுளை அப்படிக் கேட்டால் மனதில் ஒட்டாது. இன்னொரு சிக்கல், படம் பிடித்து அனுப்பிய குறிப்புகளை அதனால் பெரும்பாலும் நேராக வாசிக்க முடியவில்லை. தட்டச்சு செய்த கோப்பாக அனுப்பச் சொல்லி ஆசிரியர்களிடம் சிகிச்சைக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தை விட எனக்கு உதவியது என் வகுப்புத் தோழியின் குரல். வகுப்பு முடிந்ததும் அன்றைய பாடத்தைத் தன் சொந்த வார்த்தையில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். அவளுக்கும் அது மறுவாசிப்பு ஆயிற்று. ஒருநாள், கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த 1948 அவசரகாலத்தைப் பற்றிய பதிவு கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைகள் சுடப்பட்டது, இரண்டே நாளில் அவசரகாலம் மலாயா முழுவதற்கும் வந்தது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து, "எல்பில் தோட்டம் தானே? எங்கப்பா சொல்லுவாரு" என்று தொடங்கினார். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டது, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு எடுத்துப் போகக்கூடாது என்று வாசலில் சோதித்தது, எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பாடத்தை நான் அதற்குப் பிறகு திரும்பப் படிக்கவே இல்லை. தேதி, காரணம், விளைவு எல்லாம் பாட்டியின் குரலிலேயே நினைவிருக்கிறது.

கேட்டால் மட்டும் போதாது, திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு பதிவு முடிந்ததும் அதையே நான் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்வேன். விட்டுப்போனது எது என்று மறுநாள் கேட்டுப் பார்ப்பேன். கட்டுரை விடைகளை அப்பாவிடம் சொல்லி எழுத வைத்தேன். பொருளாதாரம் மட்டும் இப்படி வரவில்லை. வரைபடத்தைக் காதால் படிக்க முடியாது. தம்பி மாஜோங் தாள் என்கிற பெரிய தாளில் தடித்த மார்க்கரால் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டினான்; செய்யாத கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொள்வேன். திரையைப் பார்க்க அனுமதித்த பிறகும், உற்றுப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் உலர்ந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கி, நடுநடுவே கண்ணீர்ச் சொட்டு விட்டுக்கொண்டுதான் சமாளித்தேன்.

பள்ளிக்கு எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சான்றிதழைக் கொடுத்தால் மட்டும் போதாது. பார்வை சில மாதம் மங்கலாக இருக்கும் என்று தனியாக ஒரு கடிதம் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். அதன் பிறகுதான் முன்வரிசை இடமும், பெரிய எழுத்தில் அச்சிட்ட பயிற்சித் தாளும் கிடைத்தன. பொதுத் தேர்விலும் அப்படி ஏதாவது தேவைப்படும் என்றால், பள்ளி வழியாக நேரத்தோடே கேளுங்கள்.

சொட்டு மருந்து விஷயத்தில் மட்டும் மிகவும் கண்டிப்பாக இருங்கள். கையைக் கழுவ வேண்டும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். ஸ்டீராய்டு சொட்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, தீர்ந்ததும் நாமாக வாங்கித் தொடரவும் கூடாது; கண் அழுத்தத்தை அது ஏற்றிவிடக்கூடும், அதனால்தான் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்க்கிறார்கள். வெயிலில் புற ஊதாவைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். புகைமூட்ட நாட்களிலும், பக்கத்தில் குப்பை எரிக்கும் நாட்களிலும் எனக்கு அரிப்பு கூடும். அப்போது கை தானாகக் கண்ணுக்குப் போகும். ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் அழுத்தாமல் வைப்பேன், அலர்ஜிக்கான சொட்டும் விடுகிறேன். கண்ணைக் கசக்குவது இனி வாழ்நாள் முழுக்கக் கிடையாது.

இப்போது மூட்டம் பெரும்பாலும் விலகிவிட்டது. கடைசியாக எடுத்த கருவிழிப் படத்தில் வளைவு கூடவில்லை. அம்மா அதைக் கேட்டு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியால் மட்டும் எனக்கு முழுத் தெளிவு வராது. கண்ணின் வளைவு நிலைப்பட்டதும் கடின வகை காண்டாக்ட் லென்ஸுக்கு அளவெடுப்பார்கள். இடது கண் மாறத் தொடங்கினால் அதற்கும் இதே சிகிச்சைதான். அதற்காகத் தோழியும் நானும் அடுத்த செமஸ்டர் பாடங்களை இப்போதே பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டோம்.

இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது என்பதால், கூடப்பிறந்தவர்கள் இருந்தால் கூட்டி வரச் சொன்னார்கள். தம்பியையும் அழைத்துப் போய்ப் படம் எடுத்தோம். அவன் கருவிழி சரியாக இருக்கிறது. அவனுக்கும் அலர்ஜி இருப்பதால் அரிப்புக்கு மருந்து எழுதிக் கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.