நீர்க்கசிவும் நிலுவைத் தொகையும்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க மேலாளராக வேலை பார்க்கும் எனக்கு வரும் புகார்களில் மிகவும் சிக்கலானது எதுவென்று கேட்டால், நாய் வளர்ப்பையோ கார் பார்க்கிங்கையோ சொல்ல மாட்டேன். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும் நீர்க்கசிவைத்தான் சொல்வேன். கீழ்வீட்டுக்காரர் தம் தலைக்கு மேல் பெயின்ட் உரிந்து தொங்குவதைப் பார்க்கிறார். மேல்வீட்டுக்காரரோ தம் வீட்டுத் தரை காய்ந்து கிடப்பதைக் காட்டுகிறார். இருவர் சொல்வதும் உண்மை என்பதால்தான் சமாதானப் பேச்சு எடுபடுவதில்லை.

ஆகவே பேச்சை நிறுத்திவிட்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்வேன். குளியலறையின் வடிகாலை அடைத்துச் சாயம் கலந்த நீரைத் தேக்கிவைத்து, ஓரிரு நாள் கழித்துக் கீழே அந்த நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால், சுவருக்குள் ஓடும் குழாயையோ டக்டில் (எல்லா மாடிகளின் குழாய்களும் செல்லும் செங்குத்தான இடைவெளியில்) இறங்கும் பொதுக்குழாயையோ சந்தேகிக்கலாம். பொதுக்குழாய் என்று உறுதியானால் செலவைச் சங்கமே ஏற்பதுதான் முறை. இரு வீட்டாரும் பிளம்பருடன் நின்று பார்த்து, கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் வேறு கதை ஓடும்.

இதில் தாமதம் ஏற்பட்டால் அடுத்து வருவது, "இதைச் சரிசெய்யும் வரை மெயின்டெனன்ஸ் கட்ட மாட்டேன்" என்ற அறிவிப்பு. கட்டணம் கட்டாதவர்களில் வசதி இல்லாதவர்களைவிட மனக்குறை உள்ளவர்களே அதிகம் என்பது என் அனுபவம். உடனே தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். அதற்கு நான் உடன்படுவதில்லை. அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் குடிநீரும் அடங்கும் என்று நீதிமன்றங்கள் கூறியிருப்பது ஒருபுறம் இருக்க, தண்ணீரை நிறுத்திய மறுகணமே பாக்கிக்காரர் பாதிக்கப்பட்டவராகிவிடுகிறார். அதன்பின் பாக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புகாருக்குத் தேதியிட்ட ஒப்புகையையும், நிலுவைக்குச் சங்கத்தின் துணைவிதியின்படியான (பைலா) நோட்டீஸையும் தனித்தனியாகக் கொடுத்து, ஒன்றுக்காக மற்றொன்று நிற்காது என்று எழுத்தில் தெரிவித்துவிடுவதே பலனளிக்கிறது. அந்தத் துணைவிதிகளையும் தூசி தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

குடைச்சல் கொடுப்பவர் என்று பெயரெடுத்தவரின் கேள்வி சில வேளை நியாயமாகவே இருக்கும். மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி வசூலித்து வந்த சங்கங்கள் உண்டு. கூடுதலான தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. கணக்கு கேட்பவரிடம் எரிச்சல் காட்டாமல் பற்றுச்சீட்டுகளை எடுத்து வைப்பது எனக்கும் பாதுகாப்பு.

நாய்களைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. பெரும்பான்மைத் தீர்மானத்தாலும் செல்லப்பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பொறுமை காப்பதில்லை. காவலாளியையோ துப்புரவுப் பணியாளரையோ ஒருமையில் ஏசுபவர் யாராக இருந்தாலும், அன்றைக்கே செயலாளரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்று பேசிவிடுவேன். மறுமுறை நடந்தால் சங்கத்தின் எழுத்துபூர்வமான எச்சரிக்கை அவர் கைக்குப் போய்ச் சேரும்.